தொட்டால் எரியும் விளக்கு: விற்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் அந்தப் பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். என்னைவிட இருபது வயது மூத்தவர். கையில் ஒரு சொப்பிங் பேக். அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கரண்ட் இரிக்கி. லைட் மட்டும் பத்துதில்ல."

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு நான் விற்ற சாமான்கள்தான் பைக்குள் இருந்தன. வை-பையில் இயங்கும் ஆறு சுவிட்ச் மொடியூல்கள், பத்து என்.எப்.சி. ஸ்டிக்கர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, "வாப்பாவும் உம்மாவும் இருட்டில் சுவிட்ச் தேடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அறைக் கதவோரம் ஒரு ஸ்டிக்கர். போனைக் கிட்டப் பிடித்தால் நடையில் விளக்கு எரியும். பொருத்திக் கொடுத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வயரிங் பாஸ் மொடியூல்களை சீலிங்குக்குள் வைத்துவிட்டு, சுவர் அழகாக இருக்கட்டும் என்று பழைய சுவிட்சுகளைக் கழற்றி வெற்று மூடி போட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மழை இரவில் இன்டர்நெட் லைன் செத்துப் போனது. கரண்ட் இருந்தது, போன் இருந்தது, ஸ்டிக்கரும் இருந்தது. தஹஜ்ஜுத்துக்கு எழும்பிய அவருடைய மனைவி போனை இரண்டு தடவை, மூன்று தடவை பிடித்துப் பார்த்திருக்கிறார். விளக்கு எரியவில்லை. சுவரில் சுவிட்சும் இல்லை. இருட்டில் நடந்து நிலைப்படியில் கால் இடறி விழுந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. மணிக்கட்டில் வீக்கத்தோடு போயிற்று.

அதிபர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இரவில் படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று விளங்கியது. அந்தச் சாமான் என்னென்ன செய்யும் என்று அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கிச் சொன்னேன். எப்போது செய்யாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது நமது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வியாபார ஒழுங்கு. கிழிந்த சீலையை மடித்து வைத்து விற்பது மட்டும்தான் குறையை மறைப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்தச் சாமான்கள் இப்போது நமது ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தங்கள் வீட்டுக்கும் கடைக்கும் போட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதை இந்த வாரம் எழுதுகிறேன்.

ஸ்டிக்கருக்குள் என்ன இருக்கிறது?

சுப்பர் மார்க்கட் கவுண்டரில் வங்கி கார்டை மெஷினின் மேல் காட்டியதும் பணம் கழிகிறதல்லவா? அதே தொழில்நுட்பம்தான். சோனி, பிலிப்ஸ் ஆகிய இரண்டு கம்பனிகளும் 2002இல் இதனைச் சேர்ந்து உருவாக்கப் போவதாக அறிவித்தன. 2004இல் நொக்கியாவும் அவற்றோடு சேர்ந்து என்.எப்.சி. போரம் என்ற அமைப்பைத் தொடங்கின. அன்ட்ரொய்ட் போன்களில் 2010இன் கடைசியில் வந்த நெக்ஸஸ் எஸ் போனோடு இது அறிமுகமானது. ஐபோனில் 2014இல் வந்தாலும், அப்போது பணம் செலுத்த மட்டுமே பயன்பட்டது. ஸ்டிக்கரைத் தொட்டால் நாம் விரும்பிய வேலையைச் செய்யும் வசதி ஐபோனுக்கு 2019இல்தான் கிடைத்தது.

ஸ்டிக்கரில் பற்றரி கிடையாது. உள்ளே மெல்லிய உலோகச் சுருள் ஒன்றும் மிளகை விடச் சிறிய சிப் ஒன்றும் இருக்கும். அவ்வளவுதான். மின்சாரச் சாமான் விற்பவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: இது ஒரு ட்ரான்ஸ்போமர். முதல் சுருள் போனுக்குள் இருக்கிறது, இரண்டாம் சுருள் ஸ்டிக்கருக்குள் இருக்கிறது. போனைக் கிட்டக் கொண்டு போனதும் போனின் காந்தப் புலத்திலிருந்து ஸ்டிக்கருக்கு ஒரு துளி மின்சாரம் கிடைக்கிறது. அந்தத் துளியில் சிப் விழித்துத் தன்னுடைய இலக்கத்தையும், தன்னில் எழுதியிருப்பதையும் சொல்லிவிட்டு மீண்டும் தூங்கிவிடுகிறது. அலைவரிசை 13.56 மெகாஹேர்ட்ஸ். தூரம் சுமார் 4 சென்டிமீற்றர்தான். அடுத்த அறையிலிருந்து யாரும் தற்செயலாக இயக்கிவிட முடியாது.

சந்தையில் அதிகம் கிடைப்பது என்டேக் 213 என்ற சிப் போட்ட ஸ்டிக்கர். அதில் நமக்குக் கிடைக்கும் இடம் 144 பைட். 215இல் 504 பைட், 216இல் 888 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும் என்பதால் 144 பைட்டில் நாற்பது, நாற்பத்தைந்து குறிகளுக்கு மேல் எழுத இடமில்லை. ஆனால் வீட்டு வேலைக்கு இது தாராளம். சிப்பைத் தயாரிக்கும் என்.எக்ஸ்.பி. கம்பனியின் கணக்குப்படி எழுதியது 10 வருடம் அழியாமல் இருக்கும், 100,000 தடவை அழித்து அழித்து எழுதலாம். ஆகவே விலை கூடிய 216தான் நல்லது என்று வாடிக்கையாளரின் தலையில் கட்டத் தேவையில்லை.

வேலை செய்வது யார்?

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். ஸ்டிக்கர் எந்த வேலையையும் செய்வதில்லை. அது ஒரு கதவிலக்கம் மாதிரி. இலக்கத்தைப் பார்த்து வீட்டுக்குள் போவது தபால்காரன்தான்.

விளக்கு எரிவதற்கு நடக்கும் பயணத்தைப் பாருங்கள். போன் ஸ்டிக்கரை வாசிக்கிறது. போனில் உள்ள செயலி கட்டளையைப் பிறப்பிக்கிறது. கட்டளை வீட்டு வை-பை ரவுட்டருக்குப் போகிறது. அங்கிருந்து, மலிவான சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில், வெளிநாட்டில் எங்கோ இருக்கும் அந்தக் கம்பனியின் சேர்வருக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி அதே ரவுட்டருக்கு வந்து, சீலிங்குக்குள் இருக்கும் மொடியூலுக்கு வருகிறது. கடைசியில் விளக்கு எரிகிறது. பத்தடி தூரத்தில் இருக்கும் விளக்குக்குக் கட்டளை கடல் கடந்து போய் வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் விளக்கு எரியாது.

நமது நாட்டில் கண்ணி அறுவது அபூர்வமான காரியமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் பார்த்தோம். கரண்ட் இல்லாத நேரத்தில் விளக்கு எரியாதது யாருக்கும் புதினமல்ல. கரண்ட் இருந்தும் எரியாதது புதினம். அந்தப் புதினத்தை ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டுக்குள் கொண்டு போய் வைத்தவன் நான்.

சுவிட்சே தேவைப்படாத வேலைகள்

அப்படியென்றால் இந்தச் சாமானே வேண்டாமா? இல்லை. என் வீட்டிலும் கடையிலும் இப்போதும் நான்கு ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. நான்கிற்கும் சுவிட்ச் மொடியூல் தேவையில்லை, ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு இன்டர்நெட்டும் தேவையில்லை. போன் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் வேலைகள்.

முதலாவது, செருப்பு ராக்கைக்கு மேலே சுவரில் ஒட்டியது. பள்ளிக்குப் புறப்படும்போது போனைக் காட்டினால் சத்தம் அடங்கிவிடும். முக்கால் மணித்தியாலத்தில் தானாகவே பழையபடி ஆகிவிடும். ஜும்ஆவில் இமாம் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவருடைய போன் பாட்டுப் பாடுவதும், அவர் ஜுப்பாப் பைக்குள் தடுமாறுவதும் நாம் வாராவாரம் காணும் காட்சி. அந்த ஒருவராக நானும் ஒரு தடவை இருந்திருக்கிறேன். சத்தத்தை அடக்க மறப்பது ஒரு பிரச்சினை என்றால், தொழுகை முடிந்து சத்தத்தைத் திரும்பப் போட மறந்து வியாபாரக் கோல்களைத் தவறவிடுவது இன்னொரு பிரச்சினை. இரண்டுக்கும் இந்த ஒரு ஸ்டிக்கர் போதும்.

இரண்டாவது, என் உம்மாவின் மருந்துப் பெட்டியில். பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை. "காலைக் குளிசை குடுத்தாச்சா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் தினமும் எழும். கொடுத்தவர் வெளியே போயிருப்பார், இருப்பவருக்குத் தெரியாது, உம்மாவுக்கு ஞாபகம் இல்லை. சந்தேகத்தில் இரண்டாம் தடவை கொடுப்பதும் ஆபத்து, கொடுக்காமல் விடுவதும் ஆபத்து. இப்போது குளிசை கொடுப்பவர் பெட்டியை மூடிவிட்டுப் போனைக் காட்டுவார். திகதியும் நேரமும் ஒரு குறிப்பில் பதிந்துவிடும். அந்தக் குறிப்பை மனைவியும் மகளும் நானும் பகிர்ந்து வைத்திருக்கிறோம். ஒருவர் பதிந்ததை மற்றவர் பார்ப்பதற்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும்.

மூன்றாவது, கடை மூடும் ஸ்டிக்கர். இதை ஷட்டருக்குப் பக்கத்தில் ஒட்டவில்லை. கடையின் பின்னறையில், மெயின் சுவிட்சுக்கு ஓரமாகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போனைக் காட்டியதும் திரையில் ஒரு சிறு பட்டியல் வரும்: பின் கதவு, லாச்சிப் பூட்டு, கேத்தல், ஏ.சி., போர்ட் லைட். பார்த்து முடித்து ஓகே என்று அழுத்தினால் நேரம் பதியும். இரவில் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது "கேத்தலை நிப்பாட்டினோமா?" என்று மனம் குடையும் வியாதி வியாபாரிகள் பலருக்கு உண்டு. அதற்காகத் திரும்பக் கடைக்கு ஓடியவர்களும் உண்டு. இப்போது குறிப்பைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் கேத்தலை நிறுத்தினேன் என்று ஸ்டிக்கர் சாட்சி சொல்லாது. நான் அந்த இடத்துக்குப் போனேன் என்றுதான் சொல்லும். அதனால்தான் அதை வாசலில் ஒட்டாமல், வேலை இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். வாசலில் ஒட்டினால் பின்னறைக்குப் போகாமலே தட்டிவிட்டுப் போகப் பழகிவிடுவோம். இந்தச் சாமானில் புத்திசாலித்தனம் ஏதும் இருந்தால் அது ஒட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

நான்காவது, விருந்தாளிகளுக்கு வை-பை கொடுக்க. அன்ட்ரொய்ட் போனைக் காட்டினால் பாஸ்வேர்ட் கேட்காமலே இணைந்துவிடும். ஐபோன்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு கியூ.ஆர். குறியை அச்சடித்து ஒட்டியிருக்கிறேன்.

செய்து கொள்வது எப்படி?

முதலில் போனில் என்.எப்.சி. இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் இது இல்லை. செட்டிங்ஸில் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐபோன் என்றால் 2018இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மொடல்களும் அதற்குப் பின் வந்தவையும் இந்த வேலைக்குச் சரி.

ஐபோனில் ஷோர்ட்கட்ஸ் என்ற செயலி கம்பனியே தருவது. அதில் ஒட்டோமேஷன் பகுதிக்குப் போய், என்.எப்.சி. என்பதைத் தெரிவுசெய்து, ஸ்டிக்கரை ஒரு தடவை காட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு தடவையும் கேட்காமல் உடனே செய்யும்படி விட்டுவிட வேண்டும். இங்கே ஸ்டிக்கரில் எதையும் எழுதத் தேவையில்லை. அதன் இலக்கத்தைத்தான் ஐபோன் அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு போனில் செய்தது அந்தப் போனில்தான் வேலை செய்யும். வீட்டில் மூன்று ஐபோன் இருந்தால் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அன்ட்ரொய்ட்டில் என்.எப்.சி. டூல்ஸ் என்ற செயலியால் ஸ்டிக்கரில் எழுதலாம். போனுக்கு வேலைகள் கொடுப்பதற்கு அதன் துணைச் செயலியான என்.எப்.சி. டாஸ்க்ஸையும் போட்டுக்கொள்ள வேண்டும். சத்தத்தை அடக்குவது, அலாரம் வைப்பது, ஒரு செயலியைத் திறப்பது எல்லாம் முடியும். ஆனால் 2019இல் வந்த அன்ட்ரொய்ட் 10 முதல் வெளிச் செயலிகள் வை-பையைத் தாமாகப் போடவும் நிறுத்தவும் முடியாதபடி கூகிள் தடுத்துவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு "எனக்கு வேலை செய்யவில்லையே" என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு வகைப் போனிலும் திரை எரிந்திருக்க வேண்டும். அன்ட்ரொய்ட்டில் பெரும்பாலும் பூட்டும் திறந்திருக்க வேண்டும். ஐபோனில் வாசிக்கும் இடம் மேல் விளிம்பில் இருக்கிறது. அன்ட்ரொய்ட்டில் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதியில் அல்லது கெமராவுக்குக் கீழே இருக்கிறது. பாதிப் பேர் "பழுதான ஸ்டிக்கர்" என்று திருப்பிக் கொண்டு வருவது தவறான இடத்தைக் காட்டியதால்தான்.

இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, ஷட்டர் ஆகியவற்றில் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது. உலோகம் காந்தப் புலத்தைக் குலைத்துவிடும். அவற்றுக்கென்று முதுகில் பெரைட் படலம் வைத்த தனி வகை இருக்கிறது, விலையும் கொஞ்சம் கூட. வாடிக்கையாளரிடம் எங்கே ஒட்டப் போகிறார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சுவிட்சோடு சேர்ப்பதென்றால்

விளக்கையும் விசிறியையும் இயக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் இப்போது ஐந்து விடயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சுவர் சுவிட்சைக் கழற்றக் கூடாது. பழைய சுவிட்சின் வயர்களையே மொடியூலில் கொண்டு வந்து சேர்க்கும் வகை இருக்கிறது. அதில் இன்டர்நெட் போனாலும், ரவுட்டர் எரிந்தாலும் சுவரில் தட்டினால் விளக்கு எரியும். நான் இப்போது இந்த வகையை மட்டும்தான் விற்கிறேன்.

இரண்டு, நியூட்ரல் வயர். நமது வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குப் பெரும்பாலும் லைவ் மட்டும்தான் வரும். மொடியூல்களில் அநேகமானவற்றுக்கு நியூட்ரலும் தேவை. விலை பேசுவதற்கு முன் வயரிங் பாஸை அனுப்பிப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவரை வெட்டும் செலவு சாமானின் செலவை மிஞ்சிவிடும், பழி கடைக்காரனுக்கு வரும்.

மூன்று, பாரம். 10 அம்பியர் மொடியூல் என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட் வரைதான். அதுவும் விளக்கு, ஹீட்டர் போன்றவற்றுக்கான கணக்கு. தண்ணீர் மோட்டர் தொடங்கும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டருக்கு இடையில் கொன்டக்டர் போடாமல் நேரே மொடியூலில் கொடுத்தால் ஒரு நாள் அதன் உள் தொடுப்பு ஒட்டிக்கொள்ளும். பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிற்காது.

நான்கு, கரண்ட் போய் வந்த பிறகு மொடியூல் எந்த நிலையில் இருக்கும் என்று பார்த்து வையுங்கள். சிலவற்றில் கரண்ட் வந்ததும் தானாக ஒன் ஆகும்படி இருக்கும். செயலியில் இதை மாற்றலாம். எப்படியிருந்தாலும் அயன், கேத்தல், ஹீட்டர் போன்ற சூடாகும் சாமான்களைப் போனால் தொடங்க விடாதீர்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் சூடாகக் கூடாத சாமான்கள் அவை.

ஐந்து, மின் பட்டியல். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூடிய பிறகு, கூடியும் குறைந்தும் வந்தாலும், பட்டியலைக் காட்டித்தான் இந்தச் சாமான்கள் விற்கப்படுகின்றன. கணக்கைப் பாருங்கள். வாசலில் 20 வாட் பல்ப் இரண்டு விடிந்த பிறகும் 10 மணித்தியாலம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.4 யூனிட், மாதத்துக்கு 12 யூனிட். அதை நிறுத்தினால் மிச்சம்தான். வீட்டுப் பாவனைக்குப் படிமுறைக் கட்டணம் என்பதால் அந்த 12 யூனிட் மேல் படிக்குத் தள்ளுவதாகவும் இருக்கலாம். ஆனால் மொடியூலும் 24 மணித்தியாலமும் விழித்திருக்கிறது. ஒன்றுக்கு 1 வாட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 0.72 யூனிட். பத்து மொடியூல் போட்டால் 7 யூனிட்டுக்கு மேல். மிச்சம் பிடிக்கப் போட்டது மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். வீண்விரயம் எங்கே நடக்கிறதோ அங்கே மட்டும் ஒன்றோ இரண்டோ போடச் சொல்லுங்கள். வீடு முழுக்க வேண்டாம்.

கட்டளை கடல் கடந்து போகாமல் வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு சிறிய கம்பியூட்டரில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்வது. 2020 முதல் என்.எப்.சி. ஸ்டிக்கரையும் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஒத்துவரும் சுவிட்சுகளைத் தெரிந்து வாங்கினால் இன்டர்நெட் போனாலும் வேலை நடக்கும். ஆனால் அமைத்துக் கொடுக்கவும் பிறகு பார்த்துக்கொள்ளவும் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் வேண்டும். இல்லாதவர்களுக்கு இதை விற்காதீர்கள்.

கதவுக்கு வேண்டாம்

"தொட்டால் ஷட்டர் திறக்கிற மாதிரிச் செய்து தாங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன். சாதாரண ஸ்டிக்கரின் இலக்கத்தைப் போல இன்னொன்றைத் தயாரிப்பது கஷ்டமான காரியமல்ல. சில ஆயிரம் ரூபா மிச்சப்படுத்தப் போய் கடையையே திறந்து வைத்த கதையாகிவிடும்.

பொது இடத்தில், கவுண்டரில் ஒட்டும் ஸ்டிக்கரை எழுதி முடித்ததும் பூட்டிவிட வேண்டும். பூட்டாத ஸ்டிக்கரில் யாரும் வந்து வேறொரு இணைய முகவரியை எழுதிவிட்டுப் போகலாம். பூட்டினால் பிறகு நம்மாலும் மாற்ற முடியாது. ஆகவே சரிபார்த்த பிறகு பூட்டுங்கள். நம்முடைய ஸ்டிக்கருக்கு மேல் இன்னொருவர் தன்னுடையதை ஒட்டியிருக்கிறாரா என்றும் இடைக்கிடை தடவிப் பாருங்கள்.

வியாபாரமாகச் செய்வதென்றால்

ஒரு ஸ்டிக்கரின் அடக்க விலை பிளேன்டியும் ரோல்ஸும் சாப்பிடும் காசுதான். அதில் பெரிய இலாபம் இல்லை. இலாபம் இருப்பது பொருத்திக் கொடுப்பதிலும், பிறகு ஒரு கோல் எடுத்தால் வந்து பார்ப்பதிலும்தான். பத்து ரூபாச் சாமானை "ஸ்மார்ட் ஹோம்" என்ற பெயரால் ஆயிரத்துக்கு விற்கிறவர் ஒரு தடவை விற்பார். அடுத்த தடவை அந்த வாடிக்கையாளர் ஒரு பல்ப் வாங்கவும் அவரிடம் வரமாட்டார்.

புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கும்போது ஒரு பெட்டியில் பத்தையாவது பரீட்சித்துப் பாருங்கள். சிப் என்ன இலக்கம் என்று என்.எப்.சி. டூல்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். உறையில் 215 என்று இருந்து உள்ளே 213 இருந்தால் அங்கேயே பேசிக்கொள்ளலாம். வை-பை மொடியூல்கள் வானலைக் கருவிகள். நேரடியாக இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி முதலில் விசாரித்துவிட்டு ஓடரைக் கொடுங்கள். சாமான் துறைமுகத்தில் நின்ற பிறகு விசாரிப்பது பிந்திய புத்தி.

என் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பில்லின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுக்கிறோம். இன்டர்நெட் இல்லாவிட்டால் எது வேலை செய்யாது, கரண்ட் வந்தால் எது தானாக எரியும், கையால் இயக்க வேண்டிய சுவிட்ச் எங்கே இருக்கிறது. கடைப் பையன் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் பணம் எடுக்க வேண்டும். இதனால் சில வியாபாரம் கைநழுவிப் போயிருக்கிறது. மூன்று வரியையும் கேட்டுவிட்டு "அப்படியென்றால் வேண்டாம்" என்று போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவைப்படாத சாமான்தான். அவர்களில் இருவர் பிறகு வந்து வேறு சாமான் வாங்கினார்கள்.

அதிபரின் வீட்டுக்கு அடுத்த நாளே பாஸைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். பழைய சுவிட்சுகளை அதே இடத்தில் திருப்பிப் பொருத்தினோம். நடையிலும் குளியலறை வாசலிலும் ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரியும் சிறு விளக்குகளைப் போட்டோம். அதற்கு வை-பையும் வேண்டாம், போனும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். ஆரம்பத்திலேயே அவருடைய மகன் கேட்டது அதைத்தான். இருட்டில் சுவிட்ச் தேடக் கூடாது என்று கேட்டவருக்கு நான் ஆறு மொடியூல் விற்றேன்.

கூலிக்கு அவர் பணம் நீட்டினார். நான் வாங்கவில்லை. புறப்படும்போது அவருடைய மனைவி கைக்கட்டோடு வாசலுக்கு வந்து, "அந்த ஸ்டிக்கரில் ஒண்டு தாங்க மகன், குளிசைப் பெட்டிக்கு" என்றார். என் மனைவி எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறார் போலும். பைக்குள் கிடந்த பத்தில் ஒன்றை எடுத்து அவர்களுடைய பெட்டியில் ஒட்டி, போனில் செய்து காட்டிவிட்டு வந்தேன். பில்லின் பின்பக்கத்தில் எழுதுவதை அன்று வாயால் சொன்னேன்: "உம்மா, இது நேரத்தைத்தான் எழுதும். குளிசையை நீங்கதான் குடிக்கணும்."

மற்ற ஒன்பதும் இன்னும் என் லாச்சியில் இருக்கின்றன. அடுத்த வாரம் கடன் வியாபாரத்தில் கணக்கு எழுதி வைப்பது பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.